கடலுக்கு முன்னே நதி

எர்னெஸ்ட் ஹெமிங்வே என்றவுடன் நம்மவர் மனத்தில் எழும் காட்சி கடல். 1952-இல் வெளிவந்து, 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் தமிழிலும் உலவிய அச்சிறு நாவலும், கியூபாக் கரையில் மாபெரும் மீனருகே அவர் நிற்கும் புகைப்படங்களும் அவரைக் கடலின் மனிதராகவே நம்முன் நிறுத்திவிட்டன. அந்தப் படம் பொய்யன்று, ஆயினும் பாதிதான். நாற்பது வயது வரை அவர் உள்ளம் நாடிச் சென்றது மலையாறுகளை. அதுவும் தனியாகவன்று, நண்பர்களோடு. நண்பர்களாய்க் கூடிப் பத்தாண்டுகளைக் கடந்திருக்கும் நமது வட்டத்தின் மலரில், நண்பர்களைத் தேடித் தேடிச் சேர்த்தும் ஒவ்வொருவராய் இழந்தும் வாழ்ந்த ஓர் எழுத்தாளரின் ஆற்று நாட்களைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

அவர் பிறந்தது 1899-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில். தந்தை கிளாரன்ஸ் மருத்துவர். வேட்டையிலும் மீன்பிடிப்பதிலும் பெருவிருப்பம் உடையவர். கோடை தோறும் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் வாலூன் ஏரிக்கரை வீட்டில் தங்கும். அங்கேதான் தந்தையின் கைபற்றிச் சிறுவன் தூண்டில் பிடிக்கக் கற்றான்.

அவர் விரும்பிய மீன் ட்ரவுட். குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரிலன்றி அது வாழாது. நம் நீலகிரியின் அவலாஞ்சிப் பகுதியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட மீனும் இந்த இனமே. இதைப் பிடிக்கும் முறைகளில் நுட்பமானது பொய்ப்பூச்சித் தூண்டில். இறகையும் மயிரையும் பட்டு நூலையும் கொண்டு முள்ளின்மேல் ஒரு பூச்சியைப் போலக் கட்டுவார்கள். அந்தப் பூச்சிக்கு எடையே இல்லை. ஆகவே அதை எறிய முடியாது. கனமான தூண்டிற் கயிற்றைத்தான் எறிய வேண்டும். கயிற்றின் பின்னே பூச்சி பறந்து சென்று நீரில் விழும். கை வேகப்பட்டாலும் கெட்டது, தயங்கினாலும் கெட்டது. யாப்பு பயின்றவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இத்தாலி சென்ற ஹெமிங்வே, 1918 ஜூலை 8 அன்று ஃபோசால்டாவில் குண்டு வெடித்துக் கால்களில் பலத்த காயமுற்றார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். 1919-இன் கோடை முடிகையில் ஆல் வாக்கர், ஜாக் பென்டகாஸ்ட் என்னும் இரு தோழர்களுடன் மிச்சிகனின் வடகோடியில் உள்ள சீனி என்ற சிற்றூருக்கு ரயிலேறி, அங்குள்ள ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஒரு வாரம் கூடாரமிட்டார். மூவரும் சேர்ந்து சுமார் 200 மீன் பிடித்ததாக நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அது மீன்பிடிப்பவர் கணக்கு. நாம் சற்றுக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

இந்தப் பயணத்திலிருந்து 1925-இல் பிறந்ததுதான் 'இருதய ஆறு' என்று நாம் சொல்லக்கூடிய புகழ்பெற்ற சிறுகதை. இரட்டை இதயம் கொண்ட பெரிய ஆறு என்பது அதன் தலைப்பின் பொருள். அப்பெயருடைய ஆறு மிச்சிகனில் வேறோரிடத்தில் உண்டு. அவர் மீன் பிடித்தது அதிலன்று. பெயரின் அழகுக்காக ஆற்றையே மாற்றிக்கொண்டார். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று கதையில் நிகழ்ந்தது. உண்மையில் மூவர் சென்றார்கள். கதையில் நிக் என்ற இளைஞன் ஒருவனே செல்கிறான். எரிந்துபோன ஊரில் இறங்குகிறான், நடக்கிறான், கூடாரம் அடிக்கிறான், சமைக்கிறான், மீன் பிடிக்கிறான். போர் என்ற சொல் கதையில் எங்குமே இல்லை. ஆயினும் அவன் எதிலிருந்து மீண்டு வந்திருக்கிறான் என்பதை வாசகன் உணர்ந்துவிடுகிறான்.

கதையின் முதல் வடிவத்தின் இறுதியில் சில பக்கங்கள் இருந்தன. நிக் தன் பழைய மீன்பிடித் தோழர்களை எண்ணி ஏங்குவதும், எழுத்தைப் பற்றிச் சிந்திப்பதும் அவற்றில் இடம்பெற்றன. பாரிஸில் அவருக்கு ஆசான் நிலையில் இருந்த கெர்ட்ரூட் ஸ்டைன் அவற்றை ஏற்கவில்லை, அவரும் வெட்டியெறிந்தார். அவர் மறைந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1972-இல்தான் அப்பக்கங்கள் அச்சேறின. படித்துப் பார்த்தால், வெட்டியது சரியே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வெட்டப்பட்டவர்கள் நண்பர்கள் என்பதும் மனத்தை விட்டு அகலவில்லை.

ஸ்பெயினிலும் இவ்வாறே நடந்தது. 1924-இல் நண்பர் குழாமுடன் பிரனீஸ் மலையடிவாரத்து இராத்தி ஆற்றில் தூண்டில் போட்டு மகிழ்ந்தார். அடுத்த ஆண்டு இளமைத் தோழர் பில் ஸ்மித்தையும் அழைத்துக்கொண்டு அங்கே மீண்டும் சென்றார். அதற்குள் மரம் வெட்டுவோர் ஆற்றைப் பாழாக்கியிருந்தனர். மீன் இல்லை, நீரும் கலங்கிக் கிடந்தது. அவ்வாண்டே எழுதத் தொடங்கி 1926-இல் வெளியிட்ட தம் முதல் பெரிய நாவலில் அதே ஆற்றில் இரு நண்பர்களை இறக்கி மீன்பிடிக்க வைத்தார். நாவலின் நீர் தெளிந்து ஓடுகிறது. கண்முன் அழிந்ததை அவர் எழுதவில்லை. ஓராண்டுக்கு முன் இருந்ததையே எழுதினார்.

இனி மேற்கு. 1928 ஜூன் இறுதியில் கான்சஸ் நகரில் இரண்டாம் மனைவி பாலினுக்கு அறுவை மூலம் ஆண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் தேறிய பின், இத்தாலியில் தம்முடன் ஆம்புலன்ஸ் ஓட்டிய பில் ஹார்னைத் துணைக்கொண்டு காரில் வயோமிங் மாநிலத்தின் பிக் ஹார்ன் மலைகளுக்குப் புறப்பட்டார். மடியில் ஒரு நாவல் பாதி வளர்ந்து கிடந்தது. காலையில் எழுத்து, பிற்பகலில் ஆறு என்று ஷெரிடன் வட்டாரத்துப் பண்ணைகளில் நாட்கள் கழிந்தன. பின்னர் பாலினும் வந்து சேர்ந்தார். ஆகஸ்டில் முதல் வரைவு முடிந்தது. அதுவே மறு ஆண்டு வெளிவந்து உலகப் புகழ் தேடித்தந்த, போருக்கு விடை கொடுக்கும் நாவல். அந்த ஆண்டின் டிசம்பரில் தந்தை கிளாரன்ஸ் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். தூண்டில் பிடிக்கக் கற்பித்த கை அது.

1930 ஜூலையில் அவர் கண்டடைந்த இடமே அவருடைய ஆற்று வாழ்வின் நடுப்பகுதி. மொன்டானா மாநிலத்தின் எல்லையோரம், குக் சிட்டி என்னும் சுரங்க ஊருக்குக் கீழே, வயோமிங் மலைகளுக்கிடையில் லாரன்ஸ் நார்ட்குவிஸ்ட் என்பவர் நடத்திய 'எல் பார் டி' பண்ணை. யெல்லோஸ்டோன் ஆற்றின் கிளையான கிளார்க்ஸ் ஃபோர்க் பண்ணையின் அருகே ஓடுகிறது. பனி உருகும் காலத்தில் கலங்கிப் பெருகும், பிறகு தெளியும். பாலினும், முதல் மனைவி ஹாட்லிக்குப் பிறந்த ஆறு வயது மகன் ஜாக்கும் உடனிருந்தனர். காளைப்போர் பற்றிய பெருநூலை அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தார். பக்கங்கள் நகரவில்லையெனில் ஆற்றில் இறங்குவார். ஒரே நரம்பில் மூன்று பொய்ப்பூச்சிகளைக் கட்டி, நீரோட்டத்தின் குறுக்கே எறிந்து, ஒழுக்கோடு இழுத்துவருவது அவர் பழக்கம். கரையில் அமர்ந்து அதைப் பார்த்துப் பார்த்தே ஜாக் தூண்டில் பைத்தியமானான்.

அக்டோபரில் நாவலாசிரியர் ஜான் டாஸ் பாஸோஸ் வந்து சேர்ந்தார். கிட்டப்பார்வை உடையவர், வேட்டைக்கு அவ்வளவாக உதவாதவர். ஆனால் பேச்சுக்கு அவரைப் போலத் துணை கிடையாது. நவம்பர் முதல் நாள் இருவரும் பண்ணை ஆள் ஒருவருடன் பில்லிங்ஸ் நோக்கிக் காரில் சென்றபோது, இருட்டில் எதிர்வந்த வண்டியின் விளக்கொளி கண்ணைக் கூசவைக்க, கார் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. மற்றவர்கள் பெரிய காயமின்றித் தப்பினர். ஹெமிங்வேயின் வலக்கை எலும்பு முறுகி முறிந்தது. எழுதும் கை, தூண்டில் வீசும் கையும் அதுவே. ஏறத்தாழ ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். கடிதங்களைச் சொல்லச் சொல்லப் பாலின் எழுதினார்.

அப்போது நிகழ்ந்த ஒன்று கவிஞர்கள் அறியத்தக்கது. நண்பரைக் காண வேண்டும் என்று கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ், விமானப் பயணம் ஆபத்தாக இருந்த அக்காலத்தில், நெடுந்தொலைவு பறந்து பில்லிங்ஸ் வந்தார். படுத்திருந்தவரோ, தாம் சாவதைப் பார்க்கவே மக்லீஷ் வந்திருப்பதாகக் குற்றம் சாட்டினார். வலியின் பேச்சு என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அன்பை ஐயுறும் இக்குணம் அவரிடம் வலி இல்லாத நாட்களிலும் இருந்தது. தமக்கு வழிகாட்டிய ஷெர்வுட் ஆண்டர்சனை 1926-இலேயே ஒரு கேலி நூலால் புண்படுத்தியிருந்தார். டாஸ் பாஸோஸின் நட்பு 1937-இல் ஸ்பெயினில் முறிந்தது. தம் நெடுநாள் நண்பர் ஹோஸே ரோப்லெஸ் குடியரசுத் தரப்பினராலேயே கொல்லப்பட்டதை டாஸ் பாஸோஸால் தாங்க முடியவில்லை. போரின் நடுவே அதைக் கிளறுவது தவறு என்று ஹெமிங்வே கருதினார். கவிழ்ந்த காரில் ஒன்றாக இருந்தவர்கள் பிறகு ஒருவரையொருவர் நம்பவில்லை. எழுத்தாளர் நட்புகளில் பலவற்றை அவர் இவ்வாறு கெடுத்துக்கொண்டார். பில் ஹார்ன் போன்ற எழுதாத தோழர்களோ பெரும்பாலும் கடைசிவரை நிலைத்தார்கள். போட்டி இல்லாத இடத்தில்தான் அவரால் இயல்பாக இருக்க முடிந்தது போலும்.

முப்பதுகளில் பலமுறை அப்பண்ணைக்கு மீண்டார். 1939-இல் 'வோக்' இதழில் அப்பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு சிறு கட்டுரையும் எழுதினார். வியப்பு என்னவெனில், ஆண்டுதோறும் நேசித்த அந்த ஆற்றை வைத்து மிச்சிகன் கதைக்கு நிகரான ஒரு கதை அவர் எழுதவேயில்லை. ஸ்பானியப் போர் நாவலின் நாயகன் ராபர்ட் ஜோர்டானை மொன்டானாக்காரனாகப் படைத்ததோடு சரி. அந்நாயகனின் தந்தையும் தம்மைச் சுட்டுக்கொண்டவர்.

1939 செப்டம்பர், ஐரோப்பாவில் போர் மூண்ட அதே நாட்களில், பண்ணை வாழ்வு முடிந்தது. வயோமிங்கில் ஹாட்லியையும் அவருடைய கணவரையும் தற்செயலாகச் சந்தித்தார்; முதல் மனைவியை அவர் கண்டது அதுவே கடைசி. பின் பாலின் பண்ணைக்கு வந்தார். அங்கேயே அம்மணமும் முறிந்தது. அவர் மேற்கே ஐடஹோவின் சன் வேலிக்குச் சென்று, மார்த்தா கெல்ஹார்னுடன் புது வாழ்வு தொடங்கினார். அடுத்த ஆண்டு, ரயிலில் அனுப்பிய பெட்டி ஒன்று வழியில் காணாமற்போனது. அவர் சேர்த்த பொய்ப்பூச்சிகளும் தூண்டிற் கருவிகளும் அதில் இருந்தன. அதன்பின் தந்தை ட்ரவுட் மீனுக்காக ஆற்றில் இறங்கியது அரிது என்று ஜாக் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். எஞ்சியது ஹார்டி நிறுவனம் செய்த ஒரே ஒரு மூங்கில் தூண்டிற்கோல். கடலின் ஹெமிங்வே உலகறிய வளர்ந்தது இதற்குப் பிறகே.

ஆற்றை மகன் எடுத்துக்கொண்டார். 1944-இல் போர்ப்பணிக்காகப் பிரான்ஸில் பாராசூட்டில் குதித்தபோதும் ஜாக் தூண்டிற்கோலை விடவில்லை. சன் வேலியருகே ஊற்றுநீரால் ஓடும் சில்வர் க்ரீக் ஓடையில் தந்தை படகேறி வாத்து சுட்டிருக்கிறார். அந்த ஓடை 1976-இல் காப்பிடமாக விலைக்கு வாங்கப்பட ஜாக் துணைநின்றார்.

ஹெமிங்வே 1959-இல் சன் வேலியை அடுத்த கெச்சம் ஊரில் ஆற்றோரம் வீடு வாங்கினார். உடலும் மனமும் தளர்ந்து, 1961 ஜூலை 2 காலை, தந்தை சென்ற வழியிலேயே சென்றார்.

சன் வேலிக்கு அவர் வந்த முதல் இலையுதிர்காலத்தில், அங்கே பழகிய ஜீன் வான் கில்டர் என்ற இளைஞர் வேட்டை விபத்தில் இறந்தார். அவருடைய மனைவி கேட்டுக்கொண்டதால் ஹெமிங்வே ஓர் இரங்கலுரை எழுதி வாசித்தார். 1966-இல் ட்ரெயில் க்ரீக் ஓடைக்கரையில் ஹெமிங்வேக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவர்கள், கல்லில் பொறிக்க அந்த இரங்கலுரையின் வரிகளையே தேர்ந்தார்கள்.