ராதாகிருஷ்ணன்: ஆங்கிலத்தில் உயர்ந்தவர், பிராந்திய மொழியில் பாடம் நடத்தச் சொன்னது ஏன்?

திருப்பதியில் ரயில் ஏறி காட்பாடி பக்கம் போகிறவர்களுக்கு பாகாலா ஜங்ஷன் நல்லாவே தெரிந்திருக்கும். திருப்பதி, பாகாலா, சித்தூர், வேலூர் என்ற இந்த வழித்தடம் இன்று இரண்டு மாநிலங்களில் இருக்கிறது. 1900 வாக்கில் இது முழுக்க வட ஆற்காடு மாவட்டம். வீட்டில் தெலுங்கோ தமிழோ பேசும் பிள்ளைகள், கல்லூரிக்குப் போனால் ஆங்கிலத்துக்கு மாறியே ஆக வேண்டும். அப்படி மாறிய மாணவர்களில் ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

எப்படிச் சமாளித்தார்?

1888 செப்டம்பர் 5-ல் திருத்தணியில், வசதி குறைந்த தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். 1896 முதல் 1900 வரை திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளி. பிறகு வேலூர் வூர்ஹீஸ் கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி. அறிவு மட்டும் அவரைக் கரை சேர்க்கவில்லை. படிப்பு முழுக்க உதவித்தொகை கைகொடுத்தது. தத்துவப் பாடத்தை எடுத்ததுகூட, படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் புத்தகங்களைச் சும்மா கொடுத்ததால்தான்.

அதன் பிறகு?

1908-ல், 20 வயதில், வேதாந்த அறநெறி பற்றிய அவரது ஆங்கில ஆய்வேடு வெளியானது. 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். 1962-ல் குடியரசுத் தலைவர். அவருடைய முக்கியமான நூல்கள் எல்லாமே ஆங்கிலத்தில்தான்.

அவர் தலைமையிலான கமிஷன் என்ன சொன்னது?

1948-49 பல்கலைக்கழகக் கல்வி கமிஷன், எல்லோரும் தன்னைப் போலவே ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. உயர்கல்வியைப் பிராந்திய மொழியில் தரலாம் என்றது அறிக்கை. ஆங்கிலம், ஆளும் சிலரையும் ஆளப்படும் பலரையும் பிரித்துவிடுகிறது என்பது அதன் கவலை. அதேசமயம் ஆங்கிலத்தைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. மேல்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் 3 மொழிகள்: பிராந்திய மொழி, மத்திய அரசின் மொழி, ஆங்கிலம். ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் வேண்டும் என்பதே மூன்றாவதன் நோக்கம்.

நமக்கு என்ன?

ஆங்கிலம் கற்பது ஒரு வேலை, ஆங்கிலத்தில் அறிவியலோ கணக்கோ கற்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு குழந்தையின் தலையில் வைத்துவிட்டு, மார்க் குறைந்தால் 'மக்கு' என்கிறோம். குறைவது அறிவா, மொழியா என்று முதலில் பார்க்க வேண்டும். மொழி என்றால் தெரிந்த மொழியில் விளக்கம், கூடுதல் நேரம், கையில் புத்தகம் தேவை.

ராதாகிருஷ்ணன் 1975 ஏப்ரல் 17-ல் மறைந்தார். அவர் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். புத்தகம் கொடுத்த அந்த உறவினருக்கும் அதில் பங்கு உண்டு.