கைவந்ததைத் துறந்த ஓவியர்

1938-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பேலூர் மடத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் திருக்கோயில் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. கருவறையில் குருதேவரின் பளிங்குத் திருவுருவம் எழுந்தருளியுள்ள உடுக்கை வடிவப் பீடத்தையும் மேல்விதானத்தையும் வடிவமைத்தவர் நந்தலால் போஸ். அடுத்த மாதமே குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அம்மாநாட்டு நகரை அழகுசெய்த ஓவியங்களும் அவரது கைவண்ணமே. முன்னது தலைமுறைகள் கடந்து நிற்க வேண்டிய பளிங்கு; பின்னது சில நாட்களுக்கு மட்டுமே தேவைப்பட்ட தாள். இரண்டிலும் ஒரே சிரத்தையைச் செலுத்திய அந்த மனம் உருவான விதத்தை அவரது வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

நந்தலால் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், இன்றைய பீகாரின் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரில் பிறந்தார். தந்தை பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் பணியாற்றியவர். அன்னை க்ஷேத்ரமணி தேவி பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். ஊர்க் குயவர்கள் களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் வனைவதைப் பார்ப்பதே சிறுவனுக்குப் பேரின்பம். ஏறத்தாழ எட்டு வயதில் அன்னையை இழந்தான். அவள் விதைத்த ஆர்வம் மட்டும் அழியவில்லை.

1898-இல் படிப்பதற்காகக் கல்கத்தா வந்தார். கல்லூரிப் பாடங்களில் மனம் செல்லவில்லை, தேர்வில் தோல்வியுற்றார். உறவினர்கள் வணிகப் படிப்பில் சேர்த்தனர். அங்கும் அவர் நிலைக்கவில்லை. இறுதியில் தாம் வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு அரசு ஓவியப் பள்ளிக்குச் சென்று அவனீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார். அவரும் பள்ளியின் முதல்வர் ஹாவெலும் இளைஞரின் திறமையை உடனே உணர்ந்தனர். மாணவருக்குக் குரு கிடைத்தார்.

அவனீந்திரநாத் அப்போது நீர்வண்ணத்தில் புதியதொரு முறையைக் கையாண்டு வந்தார். 1903-இல் ஜப்பானிலிருந்து கல்கத்தா வந்த யோகோயாமா தைக்கான் என்ற ஓவியர் ஈரத் தூரிகையால் தாளை நனைப்பதைக் கண்டு, அவர் தாளையே நீரில் அமிழ்த்தத் தொடங்கினார். முதலில் உருவத்தைத் தீட்டி மெல்லிய வண்ணம் பூச வேண்டும். அது உலர்ந்ததும் தாளை நீரில் அமிழ்த்தினால், ஒட்டாத வண்ணம் கரைந்துபோய், தாளில் ஊறியது மட்டும் நிலைக்கும். இவ்வாறு பலமுறை பூசி, கழுவி, பூசும்போது ஓரங்கள் எல்லாம் குழைந்து, காட்சி முழுவதையும் மென்பனி போர்த்தியது போன்ற தோற்றம் கிடைக்கும். இதுவே வங்க ஓவியர்களின் புகழ்பெற்ற ‘வாஷ்’ முறை. நந்தலால் இதில் விரைவில் தேர்ச்சி பெற்றார். சிவனையும் சதியையும் அவர் தீட்டிய ஓவியத்திற்கு 1908-இல் நடந்த கண்காட்சியில் 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அத்தொகையைக் கொண்டு அவர் பாரதத்தின் தலங்களையும் கோயில்களையும் காணப் புறப்பட்டார்.

இக்காலத்தில் அவருக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் சகோதரி நிவேதிதை. முதல் சந்திப்பில் நாற்காலியில் அமரப்போன இளைஞர்களை நிவேதிதை தரையில் சம்மணமிட்டு அமரச் சொன்னாராம். நந்தலாலுக்கு முதலில் இது வருத்தம் தந்தது. புத்தர் அமர்ந்த முறையில் அவர்களைக் காண்பதில் அந்த அம்மையார் அடைந்த மகிழ்ச்சியைக் கண்டதும் வருத்தம் மறைந்தது. அவர் தீட்டிய காளியின் படத்தைப் பார்த்த நிவேதிதை, அன்னையை இத்தனை ஆடைகளால் மூடியிருப்பது பொருந்தவில்லை என்று கூறி, காளியைப் பற்றிச் சுவாமி விவேகானந்தர் எழுதிய கவிதையைப் படிக்குமாறு பணித்தார். பாராட்டுக்கு நடுவே குறையைக் கேட்கும் பணிவு நந்தலாலிடம் இருந்தது.

1909-இல் ஹெரிங்ஹாம் சீமாட்டி அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, இந்திய ஓவியர்களும் அப்பணியில் பங்குபெற வேண்டும் என்று நிவேதிதை வற்புறுத்தினார். நந்தலாலும் சென்றார். மங்கிய ஒளி படர்ந்த அக்குகைகளில், பண்டைய ஓவியர்கள் ஒற்றைக் கோட்டிலேயே கருணையையும் வலிமையையும் காட்டியிருப்பதை அவர் கண்டார். படியெடுக்கச் சென்றவர் மாணவராகித் திரும்பினார்.

கலைஞனுக்கு வரும் பெருஞ்சோதனை பெரும்பாலும் தோல்வியன்று, வெற்றியே. எந்த நடை புகழைத் தந்ததோ, அதையே திரும்பத் திரும்பச் செய்யுமாறு உலகம் கேட்கும். கையும் அதற்கே பழகிவிடும். நந்தலால் அந்தப் பழக்கத்திற்கு அடிமையாகவில்லை. பனி போர்த்திய ஓவியங்களை விட்டுச் சிறிது சிறிதாக விலகி, தெளிந்த கோட்டையும் கனத்த வண்ணத்தையும் நாடினார். 1916-இல் வந்த ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவிடம், முப்பதைக் கடந்த வயதில் மீண்டும் மாணவராக அமர்ந்து மைத்தூரிகைப் பயிற்சி பெற்றார்.

பின்னர் ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனம் சென்றார். 1919-இல் தோன்றிய கலா பவனத்தைப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தினார். மரம், மாடு, சந்தால் மக்களின் குடிசை ஆகியவற்றை நேரில் கூர்ந்து பார்ப்பதே அங்கு முதற்பாடம். தம் நடையை மாணவர்மீது அவர் திணிக்கவில்லை. வினோத்பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், கே. ஜி. சுப்ரமணியன் என்று அவரிடம் பயின்றோர் ஒவ்வொருவரும் தனித்தனி வழியில் சிறந்தனர்.

காந்தியடிகளின் விருப்பப்படி ஹரிபுரா மாநாட்டுப் பணியை ஏற்றபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. கையால் செய்த தாள், மண்ணிலிருந்து கிடைத்த வண்ணங்கள், கிராமத்துப் படக்காரர்களின் வேகமான கோடு ஆகிய இவையே கருவிகள். மத்தளம் அடிப்பவர், தச்சர், மல்லர், குழந்தையை ஏந்திய தாய் என உழைக்கும் எளிய மக்களே அப்படங்களின் நாயகர்கள். மாணவர்களின் துணையுடன் ஏறத்தாழ 400 படங்கள் உருவாயின. அவற்றுள் 80-க்கும் மேற்பட்டவை அவர் வடித்தவை. ஓவியக் கூடத்தினுள் அடியெடுத்து வைத்திராத உழவர்கள் அவற்றைக் கண்டனர். அவற்றில் தங்களையே கண்டனர்.

பாரத அரசியல் சாசனத்தின் மூலப்பிரதிக்குச் சித்திரங்கள் தீட்டும் பொறுப்பும் அவரிடமே வந்தது. அவரும் மாணவர்களும் தீட்டிய அப்பக்கங்களில் சிந்துவெளி முத்திரைக் காளை உண்டு. சோழர் கால நடராஜர் உண்டு. மாமல்லபுரத்துக் கங்கை இறங்கிய காட்சியும் உண்டு.

1951-இல் ஓய்வு பெற்ற பின்னரும் தூரிகை ஓயவில்லை. இப்போது அவருக்குப் பல வண்ணங்கள் தேவைப்படவில்லை. கறுப்பு மையும் நீரும் போதுமானவையாக இருந்தன. சில தீற்றல்களில் ஒரு பைன் மரம் நிற்கும். எழுதாத வெண்மையே மலையும் வானும் ஆகும். அஞ்சலட்டைகளிலும் அவர் சிறு படங்கள் வரைந்து அன்பர்களுக்கு அனுப்புவார். 1954-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் மறைந்தார்.

நீரில் அமிழ்த்திய தாளில் ஒட்டாதது கரைந்துபோகும். ஊறியது மட்டும் நிற்கும். இளமையில் தாளுக்குச் செய்ததை நந்தலால் தம் வாழ்நாள் முழுவதும் தமக்கே செய்துகொண்டார். புகழும் பழகிய நடையும் கரைந்தன. காண்பவற்றின்மீது கொண்ட அன்பு நின்றது. செய்யும் தொழில் எதுவாயினும், அதைச் சாதனையாகக் கொள்ள விரும்புவோர்க்கு அந்த வாழ்க்கை ஒரு பாடமாகும்.