வைத்தியர் கிறீன் சரிதம்

பிறநாட்டுச் சாத்திரங்களைத் தம் மொழியிற் பெயர்ப்போர்க்கு நேரும் முதல் இடர் சொல் இன்மையேயாம். தென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட் என்பார், மின்னோட்டம் காந்த ஊசியை அசைத்தலை 1820இல் கண்டு இலத்தீனில் எழுத, ஆங்கிலேயர் அதனை அவ்வாண்டிலேயே தம் மொழியில் வாசித்தனர். அத்தகைய பேற்றை மருத்துவத்துறையில் தமிழர்க்கு அளிக்க முயன்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியராவர்.

இவர் 1822ஆம் ஆண்டு மாசச்சூசெற்சு மாகாணத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் அடைந்து, மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, நோயாளரைப் பேணியதோடு மாணவர்க்கும் மருத்துவம் பயிற்றினர். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தனர். ஆனால் ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்ல, கிராமத்து நோயாளர் கைவிடப்பட்டனர். ஆதலின் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தனர். அதனால் உத்தியோக வாய்ப்புக் குறையுமென்று மாணவர் அஞ்சியபோதும் அவர் பின்வாங்கவில்லை.

நூல்கள் இல்லாமையால் தாமே அவற்றை ஆக்கத் தொடங்கினர். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலியன இவராலும் இவர்தம் மாணவராலும் வெளிவந்தன. இவற்றின் பக்கங்கள் நாலாயிரத்தின் மேற்படும். சொல் வேண்டுமிடத்து முதலில் தமிழிலும், அங்குக் கிட்டாதாயின் வடமொழியிலும் தேடினர். இரண்டினும் இல்லாதவற்றை ஆங்கில ஒலியோடே தமிழெழுத்தில் வரைந்தனர். 1873இல் தாய்நாடு மீண்ட பின்னரும் அவர்தம் எழுதுகோல் ஓயவில்லை. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் ஊஸ்டரில் தேகவியோகமாயினர். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதே தம் கல்லறைமேற் பொறிக்கப்படவேண்டுமென அவர் விரும்பியிருந்தனர்.

அவர் வகுத்த சொற்களிற் பல இன்று வழக்கொழிந்தன. கெமிஸ்தம் என்றதை நாம் வேதியியல் என்கின்றோம். அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று. எனினும், மக்கள் நாவிலுள்ள சொல்லை முதலில் தேடுக என்னும் அவர் நெறி பழுதன்று. அவர் மறைந்து நான்காண்டின் பின், 1888இல், ஹெர்ட்ஸ் என்னும் செர்மானியர் மின்காந்த அலைகளைச் சோதனையால் நிலைநாட்டினர். அவற்றுக்குத் தமிழர் பெயர் தேடி நெடுந்தூரஞ் செல்லவில்லை. கோவளக் கரையில் வலைஞர் நாடோறும் வழங்கும் அலை என்னுஞ் சொல்லே வானொலி அலைக்கும் போதியதாயிற்று. கடலிற் செல்வோர்க்குப் புயற்செய்தி கொணர்வதும் அவ்வலையே.

சொற்கள் மாறுவன, மக்கள் மொழியிற் கல்வியைத் தருதல் வேண்டும் என்னும் கடமை மாறாது. தமிழ் பயிலும் நாமும் விஞ்ஞானம் பயிலும் நம் தோழரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி இன்னும் எஞ்சியுள்ளது.