இ.எஸ்.ஐ. ஆபீஸ் ஊழியர் ராவணன் ஆன கதை... கார்ட்டூன் லங்கேஸ்வரனுக்கு இந்தியில் குரல் கொடுத்த அம்ரீஷ் புரி யார்?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்றால் விளக்கவே தேவையில்லை. மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம், உடம்பு சரியில்லை என்றால் டிஸ்பென்சரி வரிசை. மும்பையில் அதே இ.எஸ்.ஐ. நிறுவனத்தில் சுமார் 21 வருஷம் ஃபைல் பார்த்த ஓர் ஊழியரின் குரல்தான், பின்னாளில் ஒரு அனிமேஷன் படத்தில் பத்துத் தலை ராவணனின் குரலானது. அவர்தான் அம்ரீஷ் புரி. 'தளபதி' படத்தில் ரஜினிக்கும் மம்மூட்டிக்கும் எதிரே நின்ற கலிவர்தன் என்றால் சட்டென்று முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அண்ணன்கள் நடிகர்கள், தம்பி அரசு ஊழியர்

1932 ஜூன் 22-ம் தேதி பஞ்சாபின் நவான்ஷஹரில் பிறந்தவர். அண்ணன்கள் சமன் புரி, மதன் புரி இருவரும் இந்தி நடிகர்கள். அந்த நம்பிக்கையில் பம்பாய் வந்தவருக்கு 1954-ல் ஸ்கிரீன் டெஸ்ட். தேறவில்லை. வேறு வழியில்லாமல் பிடித்ததுதான் இ.எஸ்.ஐ. வேலை. பின்னாளில் மனைவியானவரைச் சந்தித்ததும் அதே ஆபீஸில்தான்.

வேலை முடிந்ததும் நாடகம். இப்ராஹிம் அல்காஸி, சத்யதேவ் துபே என்று அந்தக் காலத்தின் பெரிய இயக்குநர்களிடம் பயிற்சி. மேடையில் கேமரா குளோசப் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கோபம் புரிய வேண்டும் என்றால் குரல்தான் போய்ச் சேர வேண்டும். சம்பளத்தை விடவும் முடியாது, நடிப்பை விடவும் மனசு வராது. ஆபீஸ், ஒத்திகை, வீடு என்று ஓடிய அந்த வருஷங்களில்தான் அந்த அடிவயிற்றுக் குரல் பழுத்தது.

1971-ல் 'ரேஷ்மா அவுர் ஷேரா' இந்திப் படத்தில் கவனிக்கும்படியான வேடம் கிடைத்தபோது அவருக்கு வயது 39-ஐ நெருங்கியிருந்தது. நம்ம ஊரில் அந்த வயதில் ஹீரோக்களே அடுத்து என்ன என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்!

மூன்று மொழியிலும் தெரிந்த முகம்

ஓசூர்க்காரர்களுக்கு இவர் மூன்று பக்கத்திலும் சொந்தம். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். அங்கே கிரீஷ் கர்னாட் இயக்கிய 'காடு' (1973). வீட்டில் தெலுங்கு பேசுபவர்களுக்கு சிரஞ்சீவியின் 'ஜெகதேக வீருடு அதிலோக சுந்தரி' (1990) படத்து மந்திரவாதி. தமிழில் 'தளபதி' (1991), அப்புறம் 'பாபா' (2002). நடுவில் ஸ்பீல்பெர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ்' படத்துக்காக மொட்டை அடித்து, அந்தத் தோற்றத்தையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டார். 1987-ல் 'மிஸ்டர் இந்தியா'வின் மொகாம்போ. அதற்கு விளக்கம் வேண்டாம்.

முகமே இல்லாத வில்லன்

ஜப்பானியரான யுகோ சாகோ 1980-களில் ஆவணப்பட வேலையாக இந்தியா வந்தபோது ராமாயணத்தில் மனசைப் பறிகொடுத்தார். அவர் முயற்சியில் இந்திய, ஜப்பானிய ஓவியர்கள் கையால் வரைந்து உருவானதுதான் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. கூட இயக்கிய ராம் மோகன், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1993 ஜனவரியில் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. பிறகு வந்த இந்தி டப்பிங்கில் ராமனுக்கு அருண் கோவில், ராவணனுக்கு அம்ரீஷ் புரி.

இங்கேதான் சிக்கல். அம்ரீஷ் புரியின் பாதி மிரட்டல் அந்த உருட்டும் கண்களில் இருந்தது. கார்ட்டூனில் கண் ஓவியருடையது. டப்பிங் என்பதால் வாய் அசைவும் ஏற்கெனவே வரைந்து முடிந்தது. பின்னணி இசையும் தயார். அதாவது, ராவணன் எப்போது மூச்சு விடுவான் என்பதைக்கூட வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது தொண்டை மட்டும்தான்.

இசையமைத்தவர் வன்ராஜ் பாட்டியா. லண்டன் ராயல் அகாடமியிலும், பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடமும் மேற்கத்திய இசை படித்தவர். ஷியாம் பெனகலின் 'நிஷாந்த்', 'மந்தன்', 'பூமிகா' மூன்றுக்கும் இசை இவர்தான். மூன்றிலும் அம்ரீஷ் புரி நடித்திருக்கிறார். 'நிஷாந்த்' (1975) ஜமீன்தாரின் அடுத்தவர் மனைவியைத் தூக்கி வந்த வீட்டுக்கு ஒலி கொடுத்த அதே கைதான், சீதையைத் தூக்கி வந்த இலங்கைக்கும் இசை எழுதியது. கதை ஒன்றுதான், சிம்மாசனம்தான் பெரிசு! ராவணன் பேசும் காட்சிகளில் அந்தக் கீழ்ஸ்தாயிக் குரல், இசைக்கு மேலே கத்தாமல் அதோடு சேர்ந்த இன்னொரு வாத்தியம் மாதிரியே ஒலிக்கும்.

தமிழில் ராவணன் வெறும் வில்லன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீணைக்கொடியோன், சாமகானம் பாடி சிவனையே இளக வைத்தவன் என்று போற்றும் மரபு நமக்கு உண்டு. புலவர் குழந்தை அவனை நாயகனாக்கி 'இராவண காவியம்' எழுத, 1948-ல் அரசு தடை போட்டு 1971-ல்தான் நீக்கியது. அம்ரீஷ் புரியின் ராவணன் அந்த நாயகன் அல்ல. ஆனாலும் அந்தக் குரலில் கேட்பது அரசனின் திமிர், அடியாளின் கூச்சல் இல்லை.

கடைசியில்

400-க்கும் மேற்பட்ட படங்கள். 1995-ல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'வில் கண்டிப்பான அப்பாவாக வந்து, வில்லன் முத்திரையையும் கொஞ்சம் கழற்றினார். 2005 ஜனவரி 12-ல் மும்பையில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். வயது 72.

2025 ஜனவரி 24-ல் அந்த அனிமேஷன் படம் 4கே தரத்தில், தமிழ், தெலுங்கு டப்பிங்கோடு மறுபடி தியேட்டருக்கு வந்தது. தமிழ் ராவணனுக்கு வேறு குரல். பின்னணியில் ஒலித்தது மட்டும் வன்ராஜ் பாட்டியாவின் அதே இசை.