கதையில் வந்த நிஜ வீரர்!

'மூன்று மஸ்கட்டியர்கள்' கதையைப் படமாகவோ, கார்ட்டூனாகவோ பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? அதில் வாளைச் சுழற்றும் டார்டானியன், வெறும் கற்பனை அல்ல. பிரான்சில் உண்மையிலேயே வாழ்ந்த மெய்க்காவலர்!

காஸ்கனி என்ற பகுதியில், 1611ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். பெயர், சார்லஸ் டி பாட்ஸ். பாரிசுக்குப் போனதும், தாய்வழிக் குடும்பப் பெயரான டார்டானியனையே வைத்துக் கொண்டார். அந்தப் பெயருக்கு அரண்மனையில் மதிப்பு அதிகம்!

அங்கே மன்னரின் காவலுக்கு ஒரு படை இருந்தது. மன்னர் 13ம் லூயி, 1622ல் தன் குதிரை வீரர்கள் சிலருக்கு, 'மஸ்கட்' என்ற நீளமான துப்பாக்கியைக் கொடுத்து உருவாக்கியது. அதனால்தான் மஸ்கட்டியர்கள் என்று பெயர். குதிரை மேலிருந்தும் போரிடுவர். இறங்கி நின்றும் சுடுவர். பிற்பாடு அது இரண்டு பிரிவானது. ஒன்றுக்குச் சாம்பல் நிறக் குதிரைகள், மற்றொன்றுக்குக் கறுப்பு. சாம்பல் குதிரைப் பிரிவை நடத்தியவர் டார்டானியன்.

செப்டம்பர் 5, 1661. மன்னர் 14ம் லூயிக்கு அன்று 23வது பிறந்த நாள். டார்டானியனுக்கோ சிக்கலான வேலை. நிதியமைச்சர் ஃபூகேயைக் கைது செய்ய வேண்டும்! அரசுப் பணத்தைச் சுருட்டினார் என்பது புகார். மன்னரே பொறாமைப்படும்படி மாளிகை கட்டி, விருந்து வைத்தவர் அவர்.

நான்ட் நகரக் கோட்டையில் ஆலோசனைக் கூட்டம் முடிந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஃபூகே வெளியேறி விட்டார். டார்டானியன் வீரர்களுடன் விரைந்து தேடி, தேவாலயம் அருகே பல்லக்கில் போனவரை மடக்கினார்.

பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைதிக்குக் காவல். போர் வீரருக்கு இது எவ்வளவு சலிப்பான வேலை! ஆனாலும், தப்பிக்க வழியே விடாமல், அதே சமயம் மரியாதையாகவும் நடத்தினார். ஃபூகேயின் நண்பர்களே அவரை மெச்சினர். 1664 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நாடு கடத்தினால் போதும் என்றனர் நீதிபதிகள். மன்னரோ, அதை ஆயுள் சிறையாக மாற்றி விட்டார்! கொட்டும் குளிரில், ஆல்ப்ஸ் மலைப் பக்கமிருந்த பின்யெரோல் கோட்டைக்குக் கைதியை அழைத்துச் சென்றதும் டார்டானியன்தான்.

1672ல் லீல் நகர ஆளுநரானார். அந்தப் பதவி அவருக்கு ஒத்து வரவில்லை, போர்க்களத்துக்கே திரும்பினார். 1673, ஜூன் 25ல், மாஸ்ட்ரிக்ட் நகர முற்றுகையில், தொண்டையில் குண்டு பாய்ந்து இறந்தார். சில நாட்களில் நகரம் சரணடைந்தது.

அவரைக் கதாநாயகனாக்கி, 1844ல் பத்திரிகைத் தொடர்கதை எழுதினார் அலெக்சாண்டர் டூமா. அந்தக் கதை 1625ல் தொடங்குகிறது. அப்போது நிஜ டார்டானியனுக்கு ஏறக்குறைய உங்கள் வயதுதான்!