தேக்கு மரம் சொல்லும் வரலாறு

கடலை நம்பி வாழும் நாம், மரக்கலம் சமைத்த மாமேதை ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவை நன்றியோடு நினைவுகூர்கிறோம். இவர் பம்பாயின் பார்சித் தச்சர் குடும்பத்தில் 1754-இல் பிறந்தார். நெடும்போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகியபோது, அந்நாட்டுக் கடற்படை இவரை நாடியது. 74 பீரங்கிகள் தாங்கும் 'மிண்டன்' கப்பலை 1810-இல் இவர் தேக்கு மரத்தில் கட்டி மிதக்கவிட்டார்.

அடுத்து, நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பலுக்கு ஆணை பிறந்தது. ஆனால் அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' கப்பல் 1812-இல் அமெரிக்கரிடம் பிடிபட்டது, வரைபடங்களும் தொலைந்தன. புதிய படங்கள் வந்து சேர்ந்தபின் வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12-இல் கப்பல் நீரில் இறங்கியது.

1821-இல் வாடியா மறைந்தார். அவர் கட்டிய கப்பலோ இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. பொறுமையும் நேர்மையும் கலந்த உழைப்பு, உழைத்தவர் மறைந்த பின்னும் வாழும் என்பதற்கு நமக்கு வேறு சான்றும் வேண்டுமோ?