தர்க்கமும் உள்ளொளியும்

பிச்சாட்டூருக்குத் தென்மேற்கே திருத்தணி, வடமேற்கே திருப்பதி. இவ்விரு திருத்தலங்களும் தத்துவமேதை டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் இளமையோடு பிணைந்தவை. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணியில் எளிய தெலுங்குக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 1960-இல் தமிழகத்துடன் இணைந்தது. திருப்பதியிலும் வேலூரிலும் மிஷன் கல்விக்கூடங்களில் பயின்ற அவர், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த நூல்களே அவரைத் தத்துவப் பாடத்தின்பால் செலுத்தின.

சுவாமி விவேகானந்தரின் முழக்கத்தால் விழிப்புற்றிருந்த அவ்விளைஞர், வகுப்பில் தம் சமயத்தின்மீது எழுந்த விமர்சனங்களால் மனம் புண்பட்டார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. சினந்து செவிகளை மூடிக்கொள்வது எளிது. நம்பிக்கையைக் கைவிடுவதும் எளிது. அவர் இரண்டையும் செய்யாமல், குற்றச்சாட்டு உண்மைதானா என்று மூல நூல்களையே ஆராயப் புகுந்தார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய முதுகலை ஆய்வுரை 1908-இல் நூலாயிற்று. மிஷனரிப் பேராசிரியர் ஹாக்கே அதனைப் பாராட்டினார்.

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். மனவியல் பற்றிய அவரது பாடக்குறிப்புகள் 1912-இல் நூலாயின. படிப்படியாக ஆராயும் தர்க்கத்தால் மட்டுமா மனிதன் உண்மையை அடைகிறான்? இவ்வினாவுக்கு அவர் கண்ட விடை, இங்கிலாந்தில் ஆற்றிய ஹிப்பர்ட் சொற்பொழிவுகளில் முழு உருப்பெற்று 1932-இல் நூலாக வெளிவந்தது.

தர்க்கம் பொருளைப் பகுத்துக் காட்டும்; உள்ளுணர்வு அதனை முழுமையாகக் காணும். கவிஞனின் கற்பனையிலும் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பிலும் ஒளிர்வது இவ்வுள்ளொளியே. ஆயின் அது சோம்பேறிக்கு வாய்ப்பதன்று; நெடிய சிந்தனையில் தோய்ந்த மனத்திலேயே உதிக்கும். உதித்தபின்னும் அறிவின் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். இன்றேல் வெறும் ஆசையும் அச்சமும்கூட உள்ளுணர்வின் வேடம் பூண்டு நம்மை ஏமாற்றும். எனவே, அவர் கருத்தில், உள்ளுணர்வு அறிவுக்குப் பகையன்று, அறிவின் நிறைவு.

ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகவும், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராகவும் விளங்கிய அவர், 1975 ஏப்ரல் 17-இல் மறைந்தார். பதவிகள் பல வந்தன, சென்றன. புண்பட்ட நெஞ்சோடு நூலகம் புகுந்த அந்த மாணவனோ நமக்கு என்றும் வழிகாட்டி. நம் நம்பிக்கையை ஒருவர் பழிக்கும்போது, மறுமொழி கூறுமுன் அதனை நாமே ஒருமுறை ஆராய்ந்து பார்ப்போமாக!